பதில் கடமையும் திரும்பி வரும் விண்ணப்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச அலுவலகத்தில் வேலை தாமதித்தால் 'சோம்பல்' என்கிறோம்; ஊழியரின் வேலைப்பளுவைப் பார்ப்பதில்லை. திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள். அவற்றின் கீழ் ஒரு கிராம உத்தியோகத்தர் ஆள் இல்லாத பக்கத்துப் பிரிவின் வேலையையும் பதில் கடமையாக, அதாவது தன் வேலையோடு சேர்த்து, பார்த்தால் என்னவாகும்? அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும்போது தொலைபேசி அடிக்கும், வாசலில் நாலு பேர் நிற்பார்கள். பிறப்புத் திகதியில் 6 என்பது 9 ஆகிவிடும். ஆட்பதிவுத் திணைக்களம் அதைத் திருப்பி அனுப்பும். அதே வேலை இரண்டாம் தடவை, கோபத்தோடு வரும் அதே ஆள்.

ஊழியரின் மன அழுத்தம் குறைய யோகாசன வகுப்பு நல்லதுதான், ஆனால் அதனால் மேசைக் கோப்பு குறையாதே! பதில் கடமைக்கு 3 மாத எல்லை வையுங்கள். காலை 8.30 முதல் ஒரு மணிநேரம் தொலைபேசியை வேறொருவரிடம் கொடுங்கள். அனுப்பும் முன் திகதியையும் பெயரையும் இன்னொரு கண் பார்க்கட்டும்.

வாசகர்,
திருகோணமலை