டகாய் அல்ல ஐயா, டக்கே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் சுலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேவைப் பற்றி வந்த இரண்டு பக்கக் கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியில் இப்படி ஒரு வரி: “பட வாய்ப்புகள் ஓய்ந்து, இனி இழக்க எதுவும் இல்லை என்ற 68 வயதில்தான் தன் ஓரினச் சேர்க்கைப் பழக்கத்தை ஒப்புக்கொள்ளும் தைரியம் அவருக்கு வந்தது.” அதற்கு மேல் காபி இறங்கவில்லை.

பழக்கம் என்றால் என்ன ஐயா? வெற்றிலை போடுவதா, மத்தியானம் தூங்குவதா? ஒப்புக்கொள்வதற்கு அவர் யார் வீட்டில் திருடினார்? தன்பாலீர்ப்பு என்ற நல்ல சொல் புழக்கத்துக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. உயர் நீதிமன்றம் சொல்லி, தமிழக அரசு 2022இல் இதற்கென்று ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் போட்டது. பத்திரிகை நடத்தும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

68 என்ற கணக்கு மட்டும் சரி. 1937 ஏப்ரலில் பிறந்தவர், 2005 அக்டோபரில் சொன்னார். ஆனால் வாய்ப்பு ஓய்ந்ததாவது! அடுத்த ஜனவரியிலேயே ஹோவர்ட் ஸ்டெர்னின் வானொலி நிகழ்ச்சியில் அறிவிப்பாளர். 2007இல் ‘ஹீரோஸ்’ தொடர். 2015இல், 78 வயதில், நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை. இதையெல்லாம் விட்டுவிட்டு ‘ஸ்டார் ட்ரெக்’கில் கூட நடித்த வில்லியம் ஷாட்னரோடு அவருக்கு இருந்த சண்டைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

நான் 31 வருடம் டப்பிங் பேசியவன். கதாநாயகனுக்குப் பேசியதில்லை, போலீஸ்காரர், டாக்டர், பண்ணையார் வீட்டுக் கணக்குப்பிள்ளை, இப்படி. டக்கே மீது எனக்கு ஒட்டுதல் வந்ததும் அதனால்தான். பெர்க்லியில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோது அவர் செய்த முதல் சினிமா வேலையே டப்பிங். ‘ரோடான்’ என்ற ஜப்பானிய ராட்சதப் பறவைப் படத்தை ஆங்கிலத்தில் மாற்றியபோது பல பாத்திரங்களுக்கு ஒருவராகவே குரல் கொடுத்தார். எங்கள் தொழில்காரர். தங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. டப்பிங் கலைஞர்கள் பெயர் டைட்டிலில் வராதது பற்றி நான் முன்பு எழுதிய நாலு பக்கக் கடிதத்தைத் தாங்கள் இரண்டு வரியாக்கி, ஒரு ஊறுகாய் விளம்பரத்துக்குக் கீழே போட்டீர்கள். அது பழைய கதை. விடுங்கள்.

ஏன் அத்தனை வருடம் சொல்லவில்லை என்பதற்கு அவரே பலமுறை பதில் சொல்லியிருக்கிறார். டாப் ஹன்டர் என்று ஒரு நடிகர், 1950களில் பெண்கள் சுவரில் படம் ஒட்டி வைத்துக்கொண்ட அழகன். 1950இல் அவர் தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய ஒரு விருந்தில் கைதானதை ‘கான்ஃபிடென்ஷியல்’ என்ற பத்திரிகை 1955இல் தோண்டி எடுத்துப் போட்டது. அப்போது டக்கேவுக்கு 18 வயது. நடிகனாக வேண்டும் என்ற கனவு ஒரு பக்கம், ஹன்டரின் மார்க்கெட் மெல்ல மெல்ல இறங்கியதைப் பார்த்த பயம் ஒரு பக்கம். ஏற்கெனவே ஜப்பானிய முகத்துக்கு ஹாலிவுட்டில் வேலை குறைவு. இதையும் சொன்னால் யார் கூப்பிடுவார்கள்?

அந்தப் பத்திரிகை என்ன மாதிரிப் பத்திரிகை என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள். கிசுகிசுப் பத்திரிகை. தங்களிடமும் ஒரு பக்கம் உண்டு. “கல்யாணப் பேச்சை எடுத்தாலே நழுவுகிறாராம் அந்தக் குணச்சித்திரம், காரணம் கேட்டால் யூனிட்டே சிரிக்கிறதாம், ஹி ஹி” என்று தொண்ணூறுகளில் தங்கள் பத்திரிகையில் வந்தது எனக்கு இன்றும் வரி மாறாமல் நினைவிருக்கிறது. காரணம் இருக்கிறது.

என்னோடு டப்பிங் பேசிய ஒரு நண்பர். வயது அப்போது முப்பத்து மூன்று. நல்ல கனமான குரல், கோர்ட் சீன் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் விஷயம் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒரு காமெடி டிராக்கில், பெண் நடை நடந்து வரும் ஆளைப் பார்த்து எல்லோரும் ஓடுவார்களே, அந்த ஆளுக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் அன்று வரவில்லை. இவரை மைக் முன்னால் நிற்க வைத்தார்கள். “இன்னும் கொஞ்சம் குழைவா சார்” என்று உள்ளேயிருந்து குரல். ஆறு டேக். ஒவ்வொரு டேக்குக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. நானும் சிரித்தேன் ஐயா, ஓரமாக நின்றுகொண்டிருந்தேன், சிரிக்காமல் இருந்தால் என்னைப் பார்ப்பார்களே என்று சிரித்தேன். ஓகே ஆனதும் அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, பேட்டா வாங்காமல் போய்விட்டார்.

தங்கள் கிசுகிசு வந்தது அதற்கு அடுத்த மாதம். அவரைப் பற்றியது அல்ல. ஆனால் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். “என் பேர் வர எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டார். தை மாதம் அத்தை பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மா பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை. இரண்டு பேருமே இன்று இல்லை. பூட்டைப் போட்டுவிட்டு, ஏன் இத்தனை நாள் வெளியே வரவில்லை என்று கேட்கிறது தங்கள் கட்டுரை. நன்றாக இருக்கிறது!

சரி, தைரியத்துக்கு வருகிறேன். கலிபோர்னியா சட்டமன்றம் ஒருபால் திருமண மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. 2005 செப்டம்பரில் அதைக் கையெழுத்துப் போடாமல் திருப்பியனுப்பிய கவர்னர், நம் ஊர்த் தியேட்டர்களில் விசிலடித்துக் கொண்டாடிய அதே அர்னால்ட். அன்று இரவு செய்தியில் இளைஞர்கள் தெருவில் கொதித்ததை டக்கேவும் அவர் துணைவர் பிராடும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். 18 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். மறு மாதம் ‘ஃப்ரன்டியர்ஸ்’ பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். 2008 செப்டம்பரில் கல்யாணம், லாஸ் ஏஞ்சல்ஸ் ஜப்பானிய அமெரிக்க அருங்காட்சியகத்தில். அந்த நவம்பரிலேயே கலிபோர்னியாவில் வாக்கெடுப்பு வைத்து அத்தகைய திருமணங்களை நிறுத்திவிட்டார்கள். இவர்களுடையது தப்பித்தது. இழக்க எதுவும் இல்லாதவர் கதையா இது?

பெயரையும் கெடுத்துவிட்டீர்கள். டகாய் அல்ல, டக்கே. தன்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் ஆங்கில ‘கே’ என்ற சொல்லோடு எதுகை போல ஒட்டும். 2011இல் டென்னசி மாகாணத்தில் எட்டாம் வகுப்பு வரை ஆசிரியர்கள் ஒருபால் ஈர்ப்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஒரு மசோதா வந்தது. அந்தச் சொல்லுக்குத் தடை என்றால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள், ‘இட்ஸ் ஓகே டு பி டக்கே’ என்றார் இவர். டகாய் என்று போட்டால் இந்த வேடிக்கை எங்கே நிற்கும்?

கடைசியாகப் படக்குறிப்பு. “சீன நடிகர்.” முகத்தைப் பார்த்து யாரோ உதவி ஆசிரியர் குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த அமெரிக்கர் ஐயா அவர். ஜப்பானோடு போர் மூண்டதும் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க, 1942இல் அவர்கள் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு வந்த சிப்பாய்களும் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அப்போது அவருக்கு ஐந்து வயது. முதலில் சாண்டா அனிடா பந்தயக் குதிரை லாயத்தில் வைத்தார்கள், அப்புறம் ரயிலேற்றி ஆர்கன்சாஸ் முகாம், பிறகு கலிபோர்னியாவின் டூல் லேக் முகாம். ஏறத்தாழ 1,20,000 பேரோடு. கொண்டுபோகக் கூடாத தையல் மெஷினை அம்மா மறைத்து எடுத்துப் போனார். முகாம் பள்ளிக்கூட ஜன்னலில் முள்கம்பி தெரிய, எல்லோருக்கும் சுதந்திரமும் நீதியும் என்று கொடிக்கு உறுதிமொழி சொன்ன பிள்ளை. 1981இல் அந்த அடைப்பை விசாரித்த அரசுக் குழு முன்னால் போய் இதையெல்லாம் சாட்சி சொன்னார். 68 வயதில்தான் தைரியம் வந்ததாம்.

அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள்: பெயர் டக்கே, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், ‘பழக்கம்’ என்று எழுதியது தவறு. மூன்று வரிக்கு மேல் வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு இடம் போதாவிட்டால் டப்பிங் டைட்டில் பற்றி நான் சொன்னதை எடுத்துவிடுங்கள், நண்பரைப் பற்றியதை எடுக்காதீர்கள். அப்புறம், சந்தாப் பிரதி இரண்டு மாதமாகச் சனிக்கிழமைதான் வருகிறது. எதிர்க் கடையில் வியாழக்கிழமையே தொங்குகிறது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
சாலிகிராமம், சென்னை-93