"சிஸ்டம் பழசுங்க" என்று சொல்வதற்கு முன்: இணைய நிறுவனங்களின் உதவிப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நெட் மெதுவாக இருக்கிறது என்று உங்களை அழைத்தால், முதலில் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்கிறீர்கள். போட்டாயிற்று என்றால், கம்ப்யூட்டர் வாங்கி எத்தனை வருடம் என்று கேட்கிறீர்கள். பத்து வருடம் என்று காதில் விழுந்ததுமே உங்கள் குரலில் ஒரு நிம்மதி. "சிஸ்டம் பழசுங்க, அதான்." அத்தோடு புகார் மூடப்பட்டுவிடும்.

பழைய கம்ப்யூட்டர் மேல் தப்பே இருக்காது என்று நான் வாதாட வரவில்லை. பல வீடுகளில் கோளாறு அதில்தான். ஆனால் அதை அளந்து பார்த்துச் சொல்லுங்கள். வயதைக் கேட்பது சோதனை ஆகாது.

வைஃபையை விட்டுவிட்டு, ரூட்டரிலிருந்து நேராக ஒரு கேபிள் போட்டு வேகத்தைப் பார்க்கச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கேபிளில் வேகம் சரியாக வந்து வைஃபையில் மட்டும் படுத்துக்கொண்டால், உங்கள் லைன் மேல் பழி இல்லை. 2003இல் வந்த 802.11ஜி வகை வைஃபை கார்டு இன்னும் சில லேப்டாப்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரளவில் 54 எம்பிபிஎஸ் (நொடிக்கு 54 மெகாபிட்) வேகம். கைக்கு வருவது அதில் பாதிகூட இல்லை. ஒரு சிறிய யுஎஸ்பி வைஃபை அடாப்டர் மாற்றினால் தீரும் விஷயத்துக்குப் புது கம்ப்யூட்டர் எதற்கு?

சரி, அந்த வைஃபை ஏன் மெதுவாக இருக்கிறது என்றாவது பார்க்கிறீர்களா? பழைய ரூட்டர் சிலவற்றில் வைஃபை பாதுகாப்பு அமைப்பு (செட்டிங்) டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையிலேயே கிடக்கும். 802.11ஜிக்கு அடுத்து வந்த, வேகம் கூடிய 802.11என் வகைக் கருவிகள்கூட அந்த அமைப்பில் 54ஐத் தாண்டாது. ஏஇஎஸ் என்ற புதிய முறைக்கு மாற்றினால் போதும். ரூட்டரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனவர் உங்கள் ஆள் என்றால், இதில் கம்ப்யூட்டரின் வயது எங்கே வந்தது?

கேபிள் போட்டும் வேகம் வரவில்லை என்றால், வரும் எண்ணைக் கவனியுங்கள். எத்தனை முறை சோதித்தாலும் 94, 95 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால், இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் பூட்டிக்கொண்டது என்று பொருள். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட் பழைய 100 வகையாக இருக்கலாம். இல்லாவிட்டால் கேபிள். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்புக்குக் கேபிளில் உள்ள எட்டு கம்பிகளும் வேண்டும்; 100க்கு நான்கே போதும். முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தியபோது (கிரிம்ப்) ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும் வேகம் 100க்கு இறங்கிவிடக்கூடும். நெட் நிற்காது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. இந்த நிலையில் இருப்பவரிடம் "300 பிளானுக்கு மாறிக்கோங்க" என்று விற்பது அநியாயம்.

இன்னொரு வகைப் புகார், சோதனையில் வேகம் முழுசாக வரும், ஆனால் பக்கம் திறக்க யுகம் ஆகும். இங்கே கம்ப்யூட்டரைத் தாராளமாகச் சந்தேகப்படலாம். கம்ப்யூட்டரில் எது எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். 4 ஜிபி ரேம் நிரம்பி, ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தால், லைன் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ரேமைக் கூட்டுவதோ ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி மாற்றுவதோ பெரும்பாலும் போதும். அப்புறம், பின்னணியில் அப்டேட்டோ கிளவுட் பேக்கப்போ ஓடுகிறதா என்றும் கேளுங்கள். அப்லோடு நிரம்பி வழிந்தால் டவுன்லோடும் இழுக்கும். புதுக் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்.

எது எப்படியோ, ரூட்டருக்கு ஒரு பிங் அடித்து, அதாவது ஒரு சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொல்லலாமே! கேபிளில் அது ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் திரும்பிவந்து, வெளியே உள்ள சர்வருக்கு அடிக்கும்போது மட்டும் அந்த நேரம் தாவிக் குதித்தால், வீட்டுக்குள் தேட வேண்டியது குறைவு. அப்போது பார்க்க வேண்டியது உங்கள் பக்கத்தை.

நான் கேட்பது ஒன்றுதான். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று அனுப்பும் குறுஞ்செய்தியில் கேபிளில் வந்த வேகம், வைஃபையில் வந்த வேகம், பிங் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அளக்கவில்லை என்றால் புகாரை மூடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய கம்ப்யூட்டரை இன்னும் மாற்றாத ஒரு வாடிக்கையாளர்