வெல்டிங் புகைக்குக் கைக்குட்டை போதாது

ஆசிரியருக்கு,

எங்கள் பகுதி கேட், கிரில் பட்டறைகளில் வெல்டிங் செய்பவர்கள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி பிடித்துக்கொள்கிறார்கள். மூக்குக்கு வெறும் கைக்குட்டைதான். அந்தப் புகையில் இருப்பவை பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறிய உலோகத் துகள்கள். துணியைத் தாண்டி நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைப் பற்றவைத்த அன்று இரவே சிலருக்குக் குளிர்காய்ச்சல் அடிக்கும். துத்தநாகப் புகையால் வருவது அது. பால் குடித்தால் சரியாகிவிடும் என்று மறுநாளும் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலையில் கிளம்பும் குரோமியமும் நிக்கலும் அப்படி ஓரிரு நாளில் விடுபவை அல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2017-லேயே வெல்டிங் புகையைப் புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும், புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பிரிவில் சேர்த்துவிட்டது. 2019-ல் பிரிட்டன், சாதாரண இரும்பைக் கட்டடத்துக்குள் வைத்துப் பற்றவைத்தாலும் புகை உறிஞ்சி வேண்டும் என்றது.

இங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தாலும் சுவரின் உச்சியில்தான் இருக்கிறது. புகை அங்கே போகும் வழியில், குனிந்திருப்பவரின் முகத்தைத் தாண்டித்தான் போகிறது. உறிஞ்சும் குழாய் தீப்பொறிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிறு பட்டறைகள் அதை வாங்க அரசு மானியம் தரட்டும். தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தத் தெருக்களுக்கும் வரட்டும்.

– ஒரு வாசகர், கோவை