எந்த வட்டி குறைந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த வாகனக் கடன் கட்டுரையை, ஆத்தங்குடியில் வண்டியில் தரைக்கல் ஏற்றிக்கொண்டிருந்தபோது படித்தேன். 'வட்டி இறங்கிவிட்டது, வண்டி வாங்க இதுவே நேரம்' என்று முடித்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, டிசம்பரில் 5.25க்கு வந்தது எனக்கும் தெரியும். என் டியூ மட்டும் மாதம் 14,500 ரூபாயிலேயே நிற்கிறது. லோடு வண்டிக்கு பைனான்ஸ்காரர்கள் கொடுப்பது பெரும்பாலும் மாறாத வட்டி என்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆறு லட்சம், ஐந்து வருடம், ஃபிளாட் 9 சதவீதம் என்றுதான் பேசினார்கள். ஃபிளாட் என்றால், கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் கடைசிவரை முழு ஆறு லட்சத்துக்கும் வட்டி. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் 16ஐ ஒட்டி வருகிறது, இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. எங்கள் தாத்தா ரங்கூனில் செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளை. அங்கே மாதாமாதம் கோயிலில் கூடி நடப்பு வட்டி முடிவு செய்வார்கள் என்று கதை கதையாகச் சொல்வார். அவர் பேரன் ஃபிளாட் வட்டியில் கவிழ்ந்தேன்.

அமெரிக்க இறக்குமதி வரிக்கு உங்கள் கட்டுரையில் ஒரே வரி ஒதுக்கியிருந்தீர்கள், அது ஏற்றுமதிக்காரர்கள் கவலையாம். 2025 மே 3 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு அங்கே 25 சதவீதம் போட்டார்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என் மருமகன் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில் அப்புறம் ஓவர்டைம் நின்றது, அதிலிருந்துதான் மகள் மூவாயிரம் அனுப்பி என் டியூவைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தவணை தவறியதும் பைனான்ஸ் பையன் வந்து, வைக்கோல் வைத்துக் கல் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே நம்பர் பிளேட்டைப் போனில் படம் பிடித்தான். பட்டறை முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. மறுவாரம் லோடு வேறு வண்டிக்குப் போனது.

சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆனபோதும் உங்களுக்கு எழுதினேன், முன்னாலேயே 28 கட்டி வாங்கியவனுக்கு என்ன வழி என்று. பிரசுரிக்கவில்லை. செட்டிநாடு என்றால் உங்களுக்குக் கோழிக் குழம்பும் தேக்குத் தூணும்தானே!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'ரெப்போ குறைந்தாலும் பழைய மாறாத வட்டிக் கடனில் டியூ குறையாது' என்று தங்கம் விலைக் கட்டத்துக்குக் கீழே ஒரு திருத்தம் போடுங்கள். இடமில்லையென்றால் ராசிபலனில் போடுங்கள். என் ராசி மேஷம்.

இப்படிக்கு,
லோடு வண்டிக்காரர்,
காரைக்குடி