நட்ட காட்டைக் கண்மாயிலும் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். தமிழக அரசின் மரம் நடும் திட்டமான பசுமைத் தமிழ்நாடு இயக்கம் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் நட்ட காட்டின் பலனைப் பரப்பளவை மட்டும் வைத்து மதிப்பிடுவது சரியல்ல. இந்திய வன அளவைத் துறையின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரக்கவிகை, அதாவது மேலிருந்து பார்த்தால் மரத்தழை நிலத்தை மூடும் அளவு, 10 சதவீதம் இருந்தாலே அது காடு. தைலமரத் தோப்பும் அதில் சேர்ந்துவிடும்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரை ஒட்டி அப்படியொரு தைலமரக் காடு இருக்கிறது. கன்றுகளுக்குத் தண்ணீர் நிற்கட்டும் என்று உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வரப்பு போட்டார்கள். அப்புறம் ஐப்பசி மழை கொட்டினாலும் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வறண்டே கிடக்கிறது. கண்மாய் பாதிகூடப் பெருகுவதில்லை. மரத்தடியில் வெறும் சருகு, ஆடு கடிக்கப் புல் கிடையாது. பக்கத்துக் கோயில்காட்டில் வீரை மரமும் உலக்கைப்பாலை மரமும் யாரும் நடாமலே அடர்ந்து நிற்கின்றன. எனவே, நடுவதற்கு முன்பும் ஐந்தாண்டு கழித்தும் சுற்றுவட்டக் கிணறுகளின் நீர்மட்டம், கண்மாய் வரத்து, அடிச்செடிகளின் வகை ஆகியவற்றை அளந்து கிராமசபையில் வைக்க வேண்டும். வரத்தை மறிக்கும் வரப்புகளை வரும் மழைக்கு முன்பே உடைத்துவிடவும் வேண்டும்.

– ஒரு விவசாயி, காரைக்குடி வட்டம்