பத்மினியின் பாதங்கள் எங்கே?

பழைய தமிழ்ப் படங்களின் ஒளிபரப்பு உரிமையையும் இணைய உரிமையையும் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பெயர் குறிப்பிட்டு எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் 'தில்லானா மோகனாம்பாள்' ஒளிபரப்பியவர்கள் இந்த மடலைப் பார்த்தால் தங்களுக்குத்தான் என்று தெரிந்துகொள்வார்கள். அதே படத்தை அதே கோலத்தில் 'முழு நீளப் படம், உயர்தரப் பதிவு' என்று இணையத்தில் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும். மற்றவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இந்த விஷயத்தில் உங்களில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

நான் கேட்பது ஒன்றுதான். படத்தை எடுத்தவர்கள் எந்தச் சட்டகத்தில் எடுத்தார்களோ அந்தச் சட்டகத்திலேயே முழுதாகக் காட்டுங்கள். மேலும் கீழும் வெட்டாதீர்கள்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முன்பு வந்த நம் படங்கள் சதுரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37. இன்றைய தொலைக்காட்சித் திரையில் அந்த அகலம் 1.78. பழைய படத்தை இந்தத் திரையில் அப்படியே வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். அது நிற்கக் கூடாது என்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்புகிறீர்கள். கணக்குப் போட்டால் உயரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது. கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் காட்சி என்றால் ஒருவருடைய கொண்டையும் ஒரு நாற்காலியின் காலும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். நாட்டியக்காரியின் கதையில் போவது நாட்டியக்காரியின் கால்.

என் அக்கா எங்கள் ஊரில் சிறுபிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறார். அடவுகள் ஓரளவு பழகிய பிள்ளைகளை உட்காரவைத்து, 'மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன' பாட்டைப் போட்டுக் காட்டுவது அவருடைய வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பவன் யார் என்று பத்மினி நடிக்கும் மோகனாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டதை அவனுக்கு மட்டும் தெரிவிக்க வேண்டும். சபையோ அது தங்களுக்கான ஆட்டம் என்றே நினைக்க வேண்டும். முகம் ஒன்றைச் சொல்ல, கை இன்னொன்றைச் சொல்ல, கால் மட்டும் தாளத்தின் கணக்கிலிருந்து இம்மி விலகாமல் நிற்கும். மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்தால்தான் அந்த ஆட்டத்தின் அருமை பிள்ளைகளுக்குப் பிடிபடும் என்பார். ஒளிப்பதிவாளர் கே. எஸ். பிரசாத்துக்கும் இயக்குநர் ஏ. பி. நாகராஜனுக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது. தலைமுதல் பாதம்வரை தெரியும்படி காமிராவைப் பின்னுக்கு வைத்து, கீழே ஒரு சாண் தரையும் விட்டு எடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தரையைத்தான் நீங்கள் முதலில் வெட்டினீர்கள். அதோடு சேர்ந்து பாதமும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தார்கள். பாட்டு வந்தது. சலங்கை ஒலிக்கிறது, மிருதங்கம் பேசுகிறது, திரையில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. உடையின் விசிறி மடிப்பு விரிவதையும் மூடுவதையும் வைத்து, முழங்காலை மடக்கி அரைமண்டியில் இருக்கிறார் என்று ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொஞ்சநஞ்சம் தெரிந்த இடத்திலும் உங்கள் விளம்பரப் பட்டை ஒன்று ஏதோ எண்ணெய்க்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சிறுமி, "ஏன் டீச்சர் காலையே காட்ட மாட்டேன் என்கிறார்கள்? அவருக்குக் கால் சரியாக ஆடாதா?" என்று கேட்டாள்.

பத்மினிக்குக் கால் சரியாக ஆடாதா! குழந்தைமேல் கோபப்பட முடியாது. தெரிந்ததை வைத்துத்தானே அது கேட்கும்? அக்கா பதில் பேசவில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த இடத்தைத் தாமே ஆடிக் காட்டினார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. அரைமண்டியில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அன்று இரவு முழுவதும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்மினி நன்றாகவே ஆடி, நன்றாகவே படமாக்கப்பட்டு, இன்றும் பத்திரமாக இருக்கிற ஓர் ஆட்டத்துக்காக!

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு, பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஊரே உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்த காலத்தில், அந்தச் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பத்மினியின் பாதம் தெரிந்தது. புள்ளி புள்ளியாக, ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, நிறமே இல்லாமல்தான் பார்த்தோம். ஆனாலும் பாதம் இருந்தது. அந்தப் பெட்டியின் திரையும் பழைய படத்தின் சட்டகமும் ஏறக்குறைய ஒரே வடிவம். இன்று சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற 55 அங்குலத் திரையில் அது இல்லை. இதற்குப் பெயர் 'உயர்தரம்'.

உங்களில் ஒரு நிறுவனத்துக்கு முன்பே எழுதிக் கேட்டேன். மரியாதையான பதிலே வந்தது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நின்றால் தொலைக்காட்சியில் ஏதோ கோளாறு என்று நேயர்கள் புகார் செய்கிறார்களாம். இருக்கலாம். அந்த நேயர்களிடம் ஒரு ரிமோட் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியும் பெரும்பாலான தொலைக்காட்சிகளில் இருக்கிறது. பட்டை பிடிக்காதவர்கள் தங்கள் வீட்டில் தாங்களே வெட்டிக்கொள்ளட்டும். நீங்கள் வெட்டி அனுப்பியதை ஒட்டவைக்கிற பொத்தானை எந்த ரிமோட்டிலும் நான் பார்த்ததில்லை. முழுதாக அனுப்பினால் இருவருக்கும் வழி உண்டு, வெட்டி அனுப்பினால் ஒருவருக்கு மட்டும்தான் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

டூரிங் டாக்கீஸ் காலத்தில் இதற்கு ஒரு நியாயமான ஏற்பாடு இருந்தது. ஆபரேட்டர் அசந்து, சட்டகம் நழுவி, எம்.ஜி.ஆரின் காலடி மேலேயும் தலை கீழேயுமாகத் தெரிந்தால் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு விசில் கிளம்பும். மறு நிமிடம் படம் தன் இடத்துக்கு வந்துவிடும். இப்போது நாங்கள் யாரைப் பார்த்து விசிலடிப்பது? 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று சொல்லும் தானியங்கிப் பதிலைப் பார்த்தா?

வெட்டு சட்டகத்தோடு நின்றிருந்தாலும் ஓரளவு ஆறுதல்பட்டிருப்பேன். தொடக்கத்தில் பெயர் ஓடுகிற பகுதியையும் எடுத்துவிட்டீர்கள். உங்கள் முத்திரை சுழன்று வந்து நின்றதும் நேராகக் கதை. திரையில் நாகஸ்வரம் வாசிப்பவர்கள் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும். மூச்சு விட்டு வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி தவறு செய்யவில்லை, கன்னம் உப்புவதும் விரல் ஓடுவதுமாக அவர் நடித்த அழகில் அவரே வாசித்தார் என்று நம்பிப் போனவர்கள் அப்போதே உண்டு. பெயர்ப் பகுதியும் இல்லாமல் போனால் இனிமேல் நம்புவதற்குத்தான் வழி இருக்கும். 'நலந்தானா' பாட்டில் நாகஸ்வரத்தின் அணசு, அதாவது அதன் அகன்ற அடிப்பகுதி, இரண்டு மூன்று இடங்களில் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டதையும் சொல்லிவைக்கிறேன். வாசித்தவர் பெயரும் இல்லை, வாசித்த கருவியும் பாதி இல்லை.

இதில் சட்டம் உங்கள் பக்கம் என்பதும் தெரியும். இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' 2028 முடியும்வரை உரிமைக்காரர் கையில்தான். சரி, உங்கள் சொத்து. ஆனால் 1958-இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கு அந்தக் காலம் 2018-ஓடு முடிந்துவிட்டது. அதன் நடுத் திரையிலும் உங்கள் முத்திரை நிழலாக மிதக்கிறதே, அது யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுவதற்கு? வைஜயந்திமாலாவின் முகத்தின்மேல் அப்படி ஒரு பூட்டு எதற்கு?

வெட்டுவதோடு நிற்காமல் இப்போது முடிவையே மாற்றும் காலம் வந்துவிட்டது. 'அம்பிகாபதி' என்ற பெயரில் தமிழில் வந்த இந்திப் படத்தை 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவின் உதவியால் வேறு முடிவோடு மீண்டும் திரையிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நாயகன் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். எதிர்க்க அவர்கள் இருக்கிறார்கள். ஏ. பி. நாகராஜன் வந்து எதிர்க்கப் போகிறாரா? இன்னும் சில ஆண்டுகளில் அவருடைய படத்திலும் யாருக்காவது ஒரு மாற்றம் தோன்றலாம். பாதம் இல்லையே என்று இயந்திரத்திடம் சொல்லி, புதிதாக ஒரு ஜோடிப் பாதத்தை வரைந்து ஒட்டவும் செய்வீர்கள். ஆறு விரலோடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். ஆனால் இந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. 1931-இல் வந்த நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று யாரிடமும் இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சியது என்று சொல்லப்படுவது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். நம் வீட்டுப் பழைய ரேஷன் அட்டையைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் நாம், படச்சுருளை உருக்கி வெள்ளி எடுக்க விட்டவர்கள். தப்பிப் பிழைத்த படங்களையாவது முழுதாகப் பார்க்கலாம் என்று நினைத்தால், அவற்றைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு வழி உங்கள் அலைவரிசையும் உங்கள் இணையப் பக்கமும்தான். புனேயில் 1964-இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போய்ப் பார்க்க முடியாது. நீங்கள் காட்டுவதுதான் அவர்களுக்குப் படம்.

சித்திரக்கதை படிப்பவர்களைப் பார்த்துச் சில நேரம் பொறாமைப்படுகிறேன். நானும் அந்தக் கூட்டம்தான். 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் சிவகாசியில் தொடங்கியபோதே தொற்றிக்கொண்ட வியாதி. ஒரு கட்டம் விடுபட்டாலோ வண்ணம் மங்கினாலோ எங்கள் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பக்க எண் குறிப்பிட்டுக் கடிதம் போடுவார்கள். சினிமா ரசிகர்கள் ஆயிரம் மடங்கு அதிகம். ஆனாலும் நாயகனின் பிறந்தநாளுக்கு வைக்கிற பேனரில் எழுத்துப் பிழை இருந்தால் கொதிக்கிறோம். அவருடைய படத்தை நாலில் ஒரு பங்கு வெட்டினால் 'பழைய படம்தானே' என்று சேனலை மாற்றிவிடுகிறோம். இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எனவே மரியாதையோடு திரும்பவும் கேட்கிறேன். 1973-க்கு முந்தைய படங்களை அவற்றின் சட்டகத்திலேயே, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு ஒளிபரப்புங்கள். நேயர்கள் குழம்புவார்கள் என்றால் படம் தொடங்குவதற்கு முன், 'இந்தப் படம் எடுக்கப்பட்ட வடிவத்திலேயே காட்டப்படுகிறது' என்று ஒரே ஒரு வரி போடுங்கள். பெயர் ஓடும் பகுதியை விட்டுவிடுங்கள். புகையிலை எச்சரிக்கை சட்டம், அது இருக்கட்டும். எண்ணெய் விளம்பரத்தை இடைவேளையில் எவ்வளவு வேண்டுமானாலும் காட்டுங்கள், பாட்டு ஓடும்போது மட்டும் வேண்டாம். இணையத்தில் ஏற்கெனவே ஏற்றியவற்றை எடுத்துவிட்டு முழுச் சட்டகத்தில் மறுபடி ஏற்றுவதற்குக் காலம் பிடிக்கும் என்றால், நாட்டியப் படங்களை மட்டுமாவது முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவு உங்களிடம் முழுதாகத்தான் இருக்கும், வெட்டியது பிறகுதானே?

அடுத்த மாத நிகழ்ச்சி நிரலில் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் எதிரெதிரே ஆடும் போட்டி இருக்கிறது. இரண்டு பேர், நான்கு கால்கள். பி. எஸ். வீரப்பா "சபாஷ், சரியான போட்டி" என்று சொல்வதற்கு முன்பே வெட்டுகிறவரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். அக்காவின் வகுப்புப் பிள்ளைகளிடம் தேதியைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு ரசிகன்