பேக்கப் மென்பொருள் புதுசு வாங்குவதா வேண்டாமா: மகளுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் மாப்பிள்ளை, "பழைய பேக்கப் மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு புதுப் பதிப்புக்குச் சந்தா கட்டிவிடுங்கள் மாமா, பணம் நான் அனுப்புகிறேன்" என்றார். அக்கறையில் சொன்னது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் லைன் கட்டாகி பேச்சு பாதியில் நின்றுவிட்டது. எப்படியும் நாளைக்கு இந்த டிஸ்க்குகளைத் திறக்க வேண்டியவள் நீதான் என்பதால், நான் என்ன முடிவு செய்திருக்கிறேன், ஏன் என்பதை எழுதியே அனுப்பிவிடுகிறேன்.

கடைக் கம்ப்யூட்டருக்குப் புதுப் பதிப்பு வேண்டாம். அம்மாவின் லேப்டாப்புக்கு வாங்கலாம், ஆனால் ஒரு சோதனை பார்த்த பிறகுதான்.

கடைக் கம்ப்யூட்டரை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். விண்டோஸ் 7, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, இருபது வருடமாக நான் அடித்த கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்த ஃபைல்களை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டு வைத்தால் போதாதா என்று நீயே ஒரு தடவை கேட்டாய். போதாதும்மா. அவை எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடு முறை வருவதற்கு முந்தைய பழக்கத்தில், பழைய தமிழ் ஃபான்ட்டுகளில் அடித்தவை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வரிக்கு வரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும், ஒரு பெயர்கூடப் படிக்க முடியாது. ஃபான்ட் இருந்தாலும் பேஜ்மேக்கர் வேண்டும், அதில் 2001-இல் வந்த ஏழாம் பதிப்புக்குப் பிறகு புதிய பதிப்பே வரவில்லை. அதனால் ஃபைல், ஃபான்ட், பேஜ்மேக்கர், விண்டோஸ், பிரிண்டர் டிரைவர் எல்லாம் சேர்ந்த முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு இமேஜாக எடுத்து வைத்தால்தான் அது பேக்கப். அந்த வேலையை நான் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற பேக்கப் மென்பொருளின் எட்டாம் இலவசப் பதிப்பில் செய்துகொண்டிருக்கிறேன்.

பழசுக்கு இனி திருத்தம் வராது என்று மாப்பிள்ளை சொன்னதில் தப்பு கிடையாது. அந்த இலவசப் பதிப்பை நிறுத்துவதாக 2022 கடைசியில் அறிவித்தார்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 ஜனவரி 1-ஆம் தேதி வரைதான். அப்புறம் அதே 2024 அக்டோபரில் ரிஃப்ளெக்ட் எக்ஸ் என்று புதுசு வந்தது, அதற்கு வருடச் சந்தா. இவர்கள் மட்டும் அல்ல, இதே மாதிரி பேக்கப் மென்பொருள் விற்கிற அக்ரோனிஸ்காரர்களும் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் முறையை 2021 பதிப்போடு நிறுத்திவிட்டார்கள். காலம் சந்தா பக்கம் போய்விட்டது, அதற்காக எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, மென்பொருள் எழுதுகிறவர்களும் சாப்பிட வேண்டும். ஆனால் திருத்தம் வராத மென்பொருள் ஆபத்து என்பது இணையத்தில் இருக்கிற கம்ப்யூட்டருக்கான பேச்சு. கடைக் கம்ப்யூட்டரில் இணைய வயரையே நான் பிடுங்கி வைத்திருக்கிறேன். அதில் புது மென்பொருள் ஏறாது, டிஸ்க் மாறாது, மதர்போர்டு மாறாது. எட்டாம் பதிப்பு நேற்று செய்த வேலையை நாளைக்கும் செய்யும். செய்யும் என்று வெறும் நம்பிக்கையில் சொல்லவில்லை, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போன மாதம் என்ன செய்தேன் தெரியுமா? கடை டிஸ்க்கைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு காலி டிஸ்க்கை மாட்டினேன். ரெஸ்க்யூ பென் டிரைவை, அதாவது விண்டோஸ் இல்லாமலேயே கம்ப்யூட்டரைக் கிளப்புகிற பென் டிரைவை, போட்டு ஆன் செய்து, வெளி டிஸ்க்கில் இருந்த இமேஜை ரெஸ்டோர் கொடுத்தேன். முடிந்ததும் வழக்கமான தொடக்கத் திரை, வழக்கமான ஐகான்கள், அம்மா வைத்த முருகன் வால்பேப்பர். நம் தெருக்கோடி வீட்டுப் பெரியவரின் சதாபிஷேகப் பத்திரிகையைத் திறந்தேன். மேலே "உ" போட்ட பிள்ளையார் சுழி அதே இடத்தில், குடும்பத்தார் பெயர்கள் அதே வரி முறிவில், ஓரத்து மாவிலைத் தோரணத்தில் ஒரு இலைகூட நகரவில்லை. பிரிண்ட் கொடுத்தேன், வந்தது. புதுப் பதிப்புக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் இதற்கு மேல் அது எனக்கு என்ன செய்து தரும்? ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கதவைத் தட்டி, "அப்பாவுக்கு அடித்த மாதிரியே அம்மாவுக்கும் கருமாதிப் பத்திரிகை வேண்டும், விடியற்காலம் கொடுக்கணும்" என்று நிற்கும்போது, அந்த ஃபைல் திறந்தாக வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

லேப்டாப் கதை வேறு. அதில் விண்டோஸ் 11, எப்போதும் இணையத்தில், மாதாமாதம் அப்டேட். பேரன் படங்கள், பத்திரம் ஸ்கேன் செய்தவை, எங்கள் இரண்டு பேருடைய பென்ஷன் காகிதங்கள், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அதில்தான். இங்கே திருத்தம் வராத பழைய மென்பொருளை நம்பிக்கொண்டிருக்க நானும் சம்மதிக்க மாட்டேன். விண்டோஸிலேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதி போதுமே என்று யாராவது சொன்னால் கேட்காதே, மைக்ரோசாஃப்டே அதை 2017-இல் கைவிடப்பட்ட பட்டியலில் சேர்த்துவிட்டு வேறு மென்பொருளைப் பார்க்கச் சொல்லிவிட்டது. இன்னும் உள்ளே கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் சந்தா கட்டுவதற்கு முன்னால் மூன்று நான்கு விஷயம் எனக்குத் தெளிய வேண்டும். இந்தக் கால லேப்டாப்புகள் பலவற்றில் ரெஸ்க்யூ பென் டிரைவில் கிளப்பினால் மென்பொருள் வந்துவிடும், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் மட்டும் கண்ணில் படாது, அந்த டிஸ்க்கைக் காட்டுகிற இன்டெலின் விஎம்டி டிரைவர் அந்தப் பென் டிரைவில் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். பேக்கப் தினமும் பச்சை டிக் காட்டிக்கொண்டே இருக்கும், திரும்ப எடுக்கிற அன்றைக்குத்தான் டிஸ்க்கைக் காணோம் என்று தெரியும். அதனால் சோதனைப் பதிப்பைப் போட்டு, பென் டிரைவ் தயார் செய்து, அதில் கிளப்பி எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் காசு. அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கையே பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. நாம் கேட்காமலேயே அது ஆன் ஆகியிருக்கலாம், அப்படி இருந்தால் வெளியிலிருந்து டிஸ்க்கைத் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். அது அம்மாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், நீதான் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தாய், உள்ளே போய்ப் பார்த்து ஒரு தாளில் எழுதி அனுப்பு, வாட்ஸப்பில் வேண்டாம்.

சந்தா விஷயத்தில் மாப்பிள்ளையிடம் நான் கேட்க நினைத்தது இது: ஒரு வருடம் கட்டாமல் விட்டால் பழைய பேக்கப்பைத் திரும்ப எடுக்க விடுவார்களா, பூட்டிவிடுவார்களா? எந்த நிறுவனமாக இருந்தாலும் இதை எழுத்தில் பார்த்த பிறகுதான் கட்ட வேண்டும். புதிய பதிப்பு எழுதுகிற ஃபைல் வேறு வகை, எட்டாம் பதிப்பால் அதைத் திறக்க முடியாது, பழைய இமேஜைப் புதியது திறக்கும். ஒரு பக்கம் மட்டும் போகிற பாதை. அதனால் லேப்டாப்பின் கடைசிப் பழைய இமேஜை அழிக்காமல் தனி ஃபோல்டரில் வைக்கப் போகிறேன், புதியதில் ஒரு தடவையாவது ரெஸ்டோர் செய்து பார்க்கும் வரைக்கும்.

இன்னொன்று, அம்மா வெளி டிஸ்க்கை லேப்டாப்பிலேயே குத்தி விட்டுவிடுகிறாள். ஃபைல்களைப் பூட்டிக் காசு கேட்கிற வைரஸ் வந்தால் குத்தியிருக்கிற டிஸ்க்கும் சேர்ந்தே போகும். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீ சொல்லு.

மாப்பிள்ளை அனுப்புகிறேன் என்ற பணத்துக்கு இரண்டு டெராபைட் வெளி டிஸ்க் ஒன்று வாங்கச் சொல்லு. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வாருங்கள், இரண்டு கம்ப்யூட்டர் இமேஜையும் அதில் போட்டு, ரெஸ்க்யூ பென் டிரைவையும் சேர்த்துக் கொடுக்கிறேன். அது பெங்களூரில் உன் வீட்டு அலமாரியில் இருக்கட்டும், இங்கே வேண்டாம். வெள்ளமோ திருட்டோ ஒரே வீட்டில் இருக்கிற எல்லாப் பிரதியையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போகும். சந்தாவை நான் கட்டிக்கொள்கிறேன், பென் டிரைவ் சோதனையைப் பொங்கல் மறுநாள் மாப்பிள்ளையும் நானும் உட்கார்ந்து பார்த்துவிடுகிறோம்.

அந்த 48 இலக்கத்தை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா